மூன்று தண்ணீரில் கழுவிய உப்பு

அத்தியாயம் பதினான்கு

அன்று காலை கொடைக்கானல் நாயுடுபுரம் வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள் நான்கு பேர். அடுப்புக்கு நேர் எதிரே மணைப்பலகையில், கம்பளிக் குல்லாயைக் கழற்றாமல், சேனாதிபதி. அவருக்கு இடப்பக்கம் விறகு அடுக்கில் முதுகைச் சாய்த்து மகள் தமயந்தி. கூடத்துக்குப் போகும் நிலைப்படியில் மருமகள் லீலா. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. பின்கட்டுக் கதவுப் படியில், எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, மனைவி பாப்பம்மாள்.

ஐந்தாவதாக இருந்திருக்க வேண்டிய மகன் ஞானவேல் முதல் நாளே பூண்டு மூட்டைகளுடன் லாரியில் ஒட்டன்சத்திரம் இறங்கியிருந்தான்.

எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்ததற்கு ஐப்பசி மழையின் குளிர் ஒரு காரணம். தமயந்தியின் கழுத்து இன்னொரு காரணம்.

சித்திரை மாதம் ரவிக்கைக்கு அளவெடுத்த தையல்காரம்மாதான் அந்த வீக்கத்தை முதலில் கண்டாள். டாக்டர் குருநாதன் தொட்டுப் பார்த்து, சாப்பாட்டில் அயோடின் போதவில்லை என்றார். அயோடின் சேர்த்த கல் உப்பை ஞானவேல் பிளாஸ்டிக் பைகளில் வாங்கிவர ஆரம்பித்தான். ஆறு மாதம் அதையே சாப்பிட்டால் வீக்கம் வற்றிவிடும் என்பது டாக்டரின் நம்பிக்கை. வீட்டாரின் நம்பிக்கையும் அதுதான்.

ஆறு மாதம் முடிந்து முதல் நாள் மாலை அவர் மறுபடி நாடா வைத்து அளந்தார். வீக்கம் வற்றவில்லை. கொஞ்சம் கூடியிருந்தது.

"டாக்டரு சொன்னதை இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள் பாப்பம்மாள், திரும்பாமலே.

"மதுரையில ஆபரேஷன் பண்ணிக்கிறதுதான் நல்லதுன்னுட்டாரு" என்றார் சேனாதிபதி. "மறைக்காம ஒண்ணு சொன்னாரு. அந்த எடத்துலதான் கொரலுக்குப் போற நரம்பு ஓடுதாம். நூத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்குக் கத்தி அதுல பட்டுப் போறதும் உண்டாம்."

"பட்டா?"

"கொரல் கம்மிப்போகும். தேறுனாலும் தேறும். தேறாமலும் போகும்."

யாரும் தமயந்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். மழைக்காலத்தில் மலைக் கம்பிகள் எவ்வளவு இரைந்தாலும் தமயந்தியின் குரல் மட்டும் மதுரைக்குத் தெளிவாகக் கேட்கும் என்று அந்தப் பக்கத்து ஆபரேட்டர்களே சொல்வார்கள். வேலை, சம்பளம், ஊரில் ஒரு மரியாதை எல்லாமே அந்தக் குரலால் வந்தவை.

"என்னப்பா, எல்லாரும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி?" என்றாள் அவள். "கொரல் போனா டைப்பிங் செக்‌ஷனுக்கு மாத்திருவாங்க. அங்க ஃபேன்கூட உண்டு."

"கொடைக்கானல்ல ஃபேன் எதுக்குடி?"

"அண்ணாந்து பாத்துக்கிட்டே சும்மா இருக்கலாம்ல."

அவள் மட்டும்தான் சிரித்தாள். சிரித்து முடித்ததும் சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டாள்.

சேனாதிபதி மடியிலிருந்த தாளை எடுத்தார். வனத்துறை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பந்தி வீட்டுக்கு நலம் விசாரித்து எழுதினாலும் ஒன்று, இரண்டு என்று இலக்கமிடாமல் எழுத வராது.

"நம்ம டாக்டரு நேத்தே போன்ல தேதி கேட்டுட்டாரு. மதுரை டாக்டருக்கு எழுதிட்டேன். கேளுங்க. 'ஒன்று: தாங்கள் குறித்துள்ள அடுத்த மாதம் இருபதாம் தேதிக்கு எங்களுக்குச் சம்மதம். இரண்டு: நோயாளிக்கு வயது இருபத்து நான்கு. மூன்று: உடன் வருபவர்கள் இருவர்.' நாலாவதா என்ன எழுதலாம்?"

"பொண்ணு பெரிய வாயாடின்னு எழுதுங்க. நரம்பு தானா ஒதுங்கிக்கிரும்."

"சும்மா இரு தமயந்தி" என்றாள் லீலா. அவளால் சிரிக்க முடியவில்லை.

"இன்னைக்குத் தபால்ல போயாகணும். அந்தத் தேதி போச்சுன்னா பொறவு தையிலதானாம். கவர் இல்ல; சாயந்தரம் வாங்கியாந்து ஒட்டி அனுப்பிர்றேன்" என்று சேனாதிபதி தாளை மடித்து ஜன்னல் மாடத்தில் வைத்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "நம்ம குருநாதன் டாக்டரு ஒண்ணு கேட்டாரு. 'அந்த உப்பைத்தானே போட்டீங்க? ஒழுங்காப் போட்டீங்களா?'ன்னு" என்றார்.

அப்போதுதான் பாப்பம்மாள் திரும்பினாள். கை மணிக்கட்டு வரை ஈரம்.

"என் கையாலதான் போட்டேன். வேற உப்பு இந்த வாசப்படி ஏறல. ஒரு தூசு, ஒரு மண்ணு இந்த வீட்டு உப்புல கெடக்குமா? கேட்டீகளா அவர்ட்ட?"

"கேக்கல. அவரு சும்மாதான் கேட்டாரு."

பாப்பம்மாள் மறுபடி தன் சோலியைப் பார்த்தாள். மூங்கில் கூடையில் இருந்த கல் உப்பின் மேல் செம்புத் தண்ணீரை வேகமாக ஊற்றி, ஒரு குலுக்கு. கீழே வைத்த சட்டியில் கலங்கலாக வடிந்தது. அது முதல் தண்ணீர். இரண்டாவது அவ்வளவு கலங்கவில்லை. மூன்றாவது தெளிந்து வந்தது. பிறகு கூடையை அடுப்பருகே வைத்து வடியவிட்டு, இரும்புச் சட்டியில் வறுத்துச் சாடியில் கொட்டி மூடுவாள். மலைக் குளிரில் வறுக்காத உப்பு சாடிக்குள்ளேயே வேர்த்துக் கட்டிபிடித்துவிடும். கழுவிய தண்ணீரையும் வீணாக்க மாட்டாள். சோலைக்காட்டை ஒட்டிய வீடு. மழைக்காலத்தில் அட்டைகள் படியேறி வரும். அவை அண்டாமலிருக்க, கொல்லைப் பாதையின் கற்கள் ஓரமாக அந்த உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போய்வருவாள்.

பழனி அடிவாரத்திலிருந்து மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் பாப்பம்மாள். மூத்த பிள்ளை அழகுமலை ஒன்றரை வயதில் வாந்திபேதியில் போனபோது, துக்கத்துக்கு வந்த ஒருத்தி, "மண்ணும் கல்லுமா உப்பைப் போட்டு ஆக்குனா பச்சப்புள்ளைக்கு எப்படித் தாங்கும்?" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னவள் அன்றைக்கே மறந்திருப்பாள். பாப்பம்மாள் அன்றிலிருந்து உப்பைக் கழுவுகிறாள்.

லீலா இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து பேத்துப்பாறைக்கு வந்து சேர்ந்த குடும்பத்தின் பெண். முதலில் அரிசிப்பானையும், அப்புறம் அலமாரிச் சாவியும், கடைசியாகக் குழம்பும் அவள் கைக்கு வந்துவிட்டன. உப்பு மட்டும் வரவில்லை. "அது என் சோலி, நீ விடு" என்பாள் மாமியார். லீலாவும் விட்டுவிட்டாள். வாரம் ஒரு தடவை கண் முன்னால் நடப்பது. நடப்பது என்றுகூட அவள் மனதில் பட்டதில்லை.

*

லீலாவுக்கு ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து லேபில் அட்டெண்டர் வேலை. குடுவைகளைக் கழுவுவது, சாமான் எடுத்து வைப்பது, பிள்ளைகள் கொட்டியதைத் துடைப்பது. அன்று ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் சேர்மங்களும் கலவைகளும்.

கெமிஸ்ட்ரி சிஸ்டர் போர்டில் ஒரு தண்ணீர்த் துளி வரைந்தார். "இதைப் பாதியாக்கு. அதில் பாதி. அதிலும் பாதி. இப்படியே போனால் கடைசியில் ஒன்று மிஞ்சும். அதுவும் தண்ணீர்தான். அதற்குப் பெயர் மூலக்கூறு. இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். அதையும் உடைத்தால்?"

"சின்னத் தண்ணீர், சிஸ்டர்."

"இல்லை. உடைத்தால் அப்புறம் தண்ணீரே இல்லை. இரண்டு வேறு வாயுக்கள். ஒன்று எரியும், இன்னொன்று எரிய வைக்கும். தாகத்துக்கு இரண்டும் உதவாது."

லீலா மேஜையில் இரும்புத்தூளையும் கந்தகப் பொடியையும் ஒரு காகிதத்தில் கலந்து வைத்தாள். சிஸ்டர் கண்ணைக் காட்டியதும் காந்தத்தை மேலே பிடித்தாள். மஞ்சள் பொடி அப்படியே கிடக்க, இரும்புத்தூள் மட்டும் துள்ளி வந்து காந்தத்தில் முடி முடியாக நின்றது.

"இது கலவை. பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்களே தவிர, சேரவில்லை. வந்த மாதிரியே பிரிந்துவிடுவார்கள்."

அடுத்து, காலையில் குழாயில் போட்டுச் சூடாக்கி வைத்திருந்த கறுப்புக் கட்டி. அதுவும் அதே இரும்பு, அதே கந்தகம். காந்தம் அதைச் சீண்டவே இல்லை.

"இது சேர்மம். இப்போது இதில் இரும்பின் குணமும் இல்லை, கந்தகத்தின் குணமும் இல்லை. புதிதாக ஒன்று. நாம் தினமும் தின்கிற உப்பும் இப்படித்தான்" என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டே போனார்.

லீலா காந்தத்தைத் துடைக்க எடுத்த துணியோடு நின்றுவிட்டாள். உப்பு. காலையில் மாமியார் ஊற்றிய மூன்று தண்ணீர்.

மணி அடித்துப் பிள்ளைகள் கலைந்ததும் சிஸ்டரிடம் போனாள். "சிஸ்டர், அயோடின் உப்புல அயோடின் எப்படி இருக்கு? சேந்தா, கலந்தா?"

"நல்ல கேள்வி. அயோடினைத் தனியாகப் போட மாட்டார்கள், பறந்துவிடும். பொட்டாசியம் அயோடேட் என்று ஒரு சேர்மம். அதைக் கரைத்து உப்பின் மேல் தெளிக்கிறார்கள். உப்போடு அது சேராது. கல்லின் மேலே ஒட்டிக்கொண்டு இருக்கும், அவ்வளவுதான்."

"அப்ப, அந்த உப்பைக் கழுவுனா?"

சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யார் கழுவுகிறார்கள்?"

லீலா கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டு நின்றாள்; சிஸ்டர் எழுந்து போனார். பீரோவைத் திறந்து, பொட்டாசியம் அயோடைடு கொஞ்சம் ஒரு சின்னப் புட்டியில் போட்டுக் கொடுத்து, என்ன செய்ய வேண்டும், அயோடின் இருந்தால் நீலமாகும் என்று சொல்லி அனுப்பினார்.

*

தபாலாபீஸ் வாசலில் இருந்த டெலிபோன் கூண்டுக்குள் லீலா புகுந்தபோது மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

"நம்பர் ப்ளீஸ்."

"நம்பர் வேணாம். நான் லீலா."

"மதினி! பூத்துல காசு போட்டா என்கிட்டப் பேசுறீக? வீட்டுல ஓசியிலயே பேசலாமே."

"தமயந்தி, வெளையாடாத. அத்தை உப்பைக் கழுவுறாங்கல்ல?"

"அது எந்த நாளும் நடக்குறதுதானே."

"அயோடின் உப்புக்குள்ள இல்ல. மேலதான் ஒட்டிக்கிட்டு இருக்காம். மூணு தண்ணியில கழுவுனா..."

கம்பி இரைந்தது. தமயந்தி எதையும் இரண்டாம் தடவை சொல்லச் சொல்லும் பெண் இல்லை.

"அப்ப ஆறு மாசமா நான் தின்னது வெறும் உப்பா?"

"இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும். சிஸ்டர் மருந்து குடுத்திருக்காங்க. வீட்டுக்குப் போனதும் பாத்துருவேன்."

மறுபடி இரைச்சல். பிறகு தமயந்தியின் குரல் வந்தது. வேலைக்கு வைத்திருக்கும் குரல் இல்லை அது.

"மதினி, அது நெசமாவே இருந்தாலும் அம்மாட்ட மட்டும் சொல்லிறாதீக. அழகுமலை அண்ணனுக்கே அவங்க இன்னும் அழுது முடிக்கல. இதையும் தலையில தூக்கி வச்சா தாங்க மாட்டாங்க. நைசா சாடியில நீங்க உப்பை மாத்திப் போட்டுருங்க. தேதியத் தள்ளிப்போட அப்பாட்ட வேற காரணம் சொல்லிக்குவோம். ஒண்ணும் முடியலன்னா கத்தியே வைக்கட்டும், பரவால்ல."

"என்ன பேச்சுப் பேசுற நீ? ஒன் கொரலு..."

"சத்தியம் பண்ணுங்க."

"போன்லயா?"

"டிரங்க் போர்டு மேல சத்தியம். எங்க டிபார்ட்மென்டுல அதைவிடப் பெரிய சாமி கெடையாது."

லீலா சத்தியம் செய்தாள். வேறு என்ன செய்வது?

"இருங்க, டாக்டர் லைனைப் போடுறேன். அவர்ட்டயும் கேட்டுக்கங்க. நான் கேக்க மாட்டேன், பயப்படாதீக" என்றாள் தமயந்தி. அவள் ஒட்டுக்கேட்டாளா இல்லையா என்பது அவளுக்குத்தான் வெளிச்சம்.

டாக்டர் குருநாதன் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். "கழுவுவீங்களான்னு கேட்கணும்னு எனக்குத் தோணலையேம்மா. அப்படின்னா இந்த ஆறு மாசத்தைக் கணக்குலயே எடுத்துக்கக் கூடாது. வீக்கம் மூச்சுக்குழலை அழுத்தல, அவசரம் இல்ல. பரிசோதனை பண்ணிப் பாரு. சாடி உப்புல இல்லேன்னு தெரிஞ்சா, தை வரைக்கும் பொறுக்கச் சொல்லி மதுரைக்கு எழுதிடுங்க. நான் மாசாமாசம் பாத்துக்கறேன். ஆனா வத்திடும்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன்."

*

வீட்டில் சேனாதிபதி இல்லை. படிப்பகத்தில் பேப்பர் படிக்கப் போயிருந்தார். கடிதம் மாடத்தில் அப்படியே கிடந்தது. பாப்பம்மாள் கொல்லையில் விறகின் மேல் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தாள்.

லீலா அவசர அவசரமாக இரண்டு வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களை எடுத்தாள். ஒன்றில் பிரிக்காத பையிலிருந்து எடுத்த உப்பு. இன்னொன்றில் சாடி உப்பு. இரண்டிலும் சோற்றுக் கஞ்சி விட்டு, புட்டியிலிருந்த மருந்தில் சிட்டிகை தூவி, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள்.

பை உப்பு இருந்த கிண்ணத்தில் முதலில் ஒரு ஊதா நூல் ஓடியது. பிறகு கிண்ணம் முழுவதும் கருநீலமாகிவிட்டது.

சாடி உப்பு வெள்ளையாகவே இருந்தது. லீலா இன்னும் ஒரு பிழி பிழிந்தாள். குலுக்கினாள். வெள்ளைதான்.

"என்னடி இது? மை கரைக்கிறியா?"

பாப்பம்மாள் பின்னாலேயே நின்றிருந்தாள்.

"ஒண்ணுமில்ல அத்தை. உப்பைப் பரிசோதிச்சேன். தேத்தண்ணி போடட்டுமா?"

"ஒன் சிலோன் தேத்தண்ணி கெடக்கட்டும். எது எந்த உப்பு?"

"இது... பையில உள்ளது. இது நம்ம சாடியில உள்ளது."

பாப்பம்மாள் இரண்டு கிண்ணங்களையும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"பாத்தியா? பாத்தியா நீ! கடை உப்புல எம்புட்டு அழுக்கு இருக்கு! கன்னங்கரேல்னு வருது. என் உப்பைப் பாரு, பாலு மாதிரி! இதுக்குத்தான் நான் மூணு தண்ணி ஊத்துறது. ஒங்க மாமா கேலி பண்ணுவாருல்ல? வரட்டும், காட்டுறேன்."

லீலா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூணு தண்ணி பத்தலையோ என்னமோ" என்று பாப்பம்மாள் யோசித்தாள். "அதான் புள்ளைக்கு வத்தல போல. இனிமே அஞ்சு தண்ணி. இல்ல, இந்தக் கண்றாவியே வேணாம்." மூலையில் அடுக்கியிருந்த பைகளை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினாள். "என் மக வாயில இந்த நீலத்தையா போடச் சொல்றாரு அந்த டாக்டரு? பூராத்தையும் கொல்லையில கொட்டிர்றேன். பழைய உப்பே போதும்."

அவள் கதவைத் தாண்டிவிட்டாள். லீலா ஓடிப்போய் மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்தாள். இந்த இரண்டு வருஷத்தில் அவள் மாமியாரைக் கைநீட்டித் தொட்டது அதுதான் முதல் தடவை.

"கொட்டாதீங்க அத்தை. அந்த நீலம்தான் மருந்து."

பாப்பம்மாள் கையை உதறவில்லை. விளங்காமல் பார்த்தாள்.

"உள்ள வாங்க. நனையாதீங்க. சொல்றேன்."

இருவரும் அடுப்படியில் உட்கார்ந்தார்கள். லீலாவுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தனக்குத் தெரிந்த இடத்தில் ஆரம்பித்தாள்.

"அத்தை, உப்புங்கிறதே ரெண்டு சாமான். ஒண்ணு சோடியம். எங்க லேப்ல மண்ணெண்ணெய்க்குள்ள போட்டு வச்சிருக்கோம். தண்ணி பட்டா சீறிக்கிட்டு நெருப்புப் புடிக்கும். இன்னொண்ணு குளோரின், வெஷக்காத்து. நெஞ்சுல ஏறுனா ஆளு தப்பாது. ரெண்டும் சேந்ததுதான் உப்பு."

"நெருப்பும் வெஷமுமா? அதையா நாம திங்குறோம்?"

"சேந்த பெறகு நெருப்பும் இல்ல, வெஷமும் இல்ல. வேற ஒண்ணாயிருச்சு. நீங்க நூறு தண்ணி ஊத்தினாலும் அது ரெண்டும் பிரிஞ்சு வராது. கரைச்சுக் காச்சினாலும் உப்பாத்தான் வரும். ஆனா இந்த அயோடின் இருக்குல்ல, அது உப்போட அப்படிச் சேரல. கல்லுக்கு மேல பூசுனாப்பல ஒட்டிக்கிட்டு இருக்கு. கண்ணுக்குத் தெரியாது, கஞ்சியும் மருந்தும் பட்டாத்தான் நீலமா காட்டும். தண்ணி பட்டா..."

பாப்பம்மாளின் பார்வை வெள்ளைக் கிண்ணத்துக்குப் போய், நீலக் கிண்ணத்துக்குப் போய், திரும்ப வெள்ளைக்கு வந்து நின்றது.

"கழுவுன தண்ணியோட போயிருச்சா?" என்றாள்.

"ஆமா அத்தை."

"ஆறு மாசமும்?"

லீலா தலையை ஆட்டினாள்.

பாப்பம்மாள் திறந்திருந்த கதவு வழியாகக் கொல்லைப் பாதையைப் பார்த்தாள். கற்கள் மழையில் மினுங்கிக்கொண்டிருந்தன.

"என் மக கழுத்துக்குப் போக வேண்டியதைப் பூரா அட்டைக்கு ஊத்தியிருக்கேன்" என்றாள்.

"அத்தை..."

"அழகுமலைக்கும் இப்படித்தான் தெரியாம என்னமோ பண்ணிப்புட்டேனோ? கழுவாம விட்டதுல ஒண்ணு. கழுவுனதுல ஒண்ணு."

"இல்ல. அப்படிச் சொல்லாதீங்க." லீலா அவள் கையை இன்னும் விட்டிருக்கவில்லை. "அந்த வருஷம் ஊருல எத்தனை வீட்டுல வாந்திபேதின்னு மாமா சொல்லியிருக்காங்க. அது தண்ணியில வந்த நோவு. உப்புல வந்ததுன்னு யாரோ வாய்க்கு வந்ததைச் சொன்னா, அது ஞாயமாயிருமா? இதுவும் அப்படித்தான். கழுவக் கூடாதுன்னு டாக்டரு சொல்லல, பையில எழுதல. வாரா வாரம் பக்கத்துல நின்னு பாத்த எனக்கே இன்னைக்குத்தான் ஒறைச்சது. தப்புன்னா எனக்கும் பங்கு இருக்கு."

"தமயந்திக்குத் தெரியுமா?"

லீலா தயங்கினாள். சத்தியத்தில் பாதி ஏற்கெனவே போய்விட்டது.

"தெரியும். ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கு. நீங்க தாங்க மாட்டீங்களாம். வேணும்னா கத்தி வச்சுக்கிறேங்குது."

அதுவரை வராத கண்ணீர் அப்போது வந்தது. பாப்பம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். லீலா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உலை கொதித்து வழிந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு பாப்பம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். சாடியைத் தூக்கிக் கவிழ்த்துக் கொட்டி, துடைத்து, லீலாவின் மடியில் வைத்தாள்.

"நீ போடு. பையில இருந்து அப்படியே. மண்ணு இருந்தா?"

"பொறுக்கிப் போடலாம் அத்தை. கழுவத்தான் கூடாது. வறுக்கவும் வேணாம். சாடியை இறுக்கி மூடி, அடுப்புக்குத் தள்ளி வைப்போம்."

"சரி. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரிய வேணாம். அவ நெனப்பு அப்படியே இருக்கட்டும்."

இப்போது லீலாவிடம் இரண்டு சத்தியங்கள்.

*

சேனாதிபதி வந்து விஷயத்தைக் கேட்டு, குல்லாயைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். மாடத்துக் கடிதத்தை நான்காகக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, புதுத் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தார்.

"'ஒன்று: மேற்படி தேதியைத் தை மாதத்துக்கு ஒத்திவைத்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். இரண்டு: அயோடின் உப்பு கழுவப்பட்டு உபயோகிக்கப்பட்டதாக இப்போது தெரியவந்துள்ளது. மூன்று: டாக்டர் குருநாதன் அவர்கள் இதற்குச் சம்மதித்துள்ளார்.' போதும்ல?"

"யாரு கழுவுனான்னு எழுதலையே" என்றாள் பாப்பம்மாள்.

"அது எதுக்கு அவருக்கு?"

"எழுதுங்க. பொண்ணோட அம்மா கழுவுனான்னு எழுதுங்க. நாலாவதா இதையும் எழுதுங்க: அவருகிட்ட எம்புட்டோ புள்ளைக கழுத்தோட வரும்ல? அதுக அம்மாமாருட்ட எல்லாம் இந்த உப்பைக் கழுவாதீங்கன்னு சொல்லச் சொல்லுங்க."

சேனாதிபதி எழுதிக்கொண்டே வாசித்தார்: "'நான்கு: தங்களிடம் வரும் பிற தாய்மார்களுக்கும் மேற்படி உப்பினைக் கழுவுதல் கூடாதென அறிவுறுத்துமாறு வேண்டப்படுகிறது.'"

"வேண்டப்படுகிறது எல்லாம் வேணாம். கழுவாதீங்கன்னு எழுதுங்க. அவங்களுக்குப் புரியணும்ல?"

அவர் ஒரு கணம் பேனாவைப் பார்த்தார். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, அவள் சொன்னபடியே எழுதினார். அடித்தல் திருத்தல் உள்ள கடிதம் அவர் கையிலிருந்து போவது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவருடைய கையெழுத்துக்குக் கீழே பாப்பம்மாளும் எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் போட்டாள்.

நாயுடுபுரம் தபால் பெட்டியைத் திறந்து அன்றையத் தபாலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "பெரிய தபாலாபீஸுக்குப் போனாத்தான் ஆச்சு, வெரசா வா" என்று பாப்பம்மாள் குடையை எடுத்தாள். பஜாருக்கு வருஷத்தில் இரண்டு தடவை போனால் அதிகம் அவள். மாமியாரும் மருமகளும் ஒரே குடையில் இறக்கத்தில் நடந்தார்கள்.

தபாலாபீஸில் கவர் வாங்கி, கடிதத்தை உள்ளே வைத்து, பாப்பம்மாளே பசை தடவி ஒட்டினாள். விளிம்பு நெடுகப் பெருவிரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

"பையைக் கட்டப் போறோம்மா, குடுங்க குடுங்க" என்றார் பையோடு நின்ற தபால்காரர்.

"மதுரைக்கு நாளைக்குப் போயிருமா?"

"இந்த வண்டியிலயே மலை எறங்கிரும்மா."

உறை பைக்குள் விழுந்த அதே நேரம் பக்கத்துக் கட்டிடத்து எக்ஸ்சேஞ்ச் கதவு திறந்தது. டூட்டி முடிந்து வெளியே வந்த தமயந்தி, மழையில் நின்ற அம்மாவைப் பார்த்துத் திகைத்தாள். அம்மாவின் கண் சிவந்திருந்தது. தமயந்தியின் பார்வை நேரே லீலாவிடம் போயிற்று.

"நீங்க எங்கம்மா இங்க? யாருக்கு லெட்டர்?"

"ஒங்கண்ணனுக்குத்தான்" என்றாள் பாப்பம்மாள். மகளின் கழுத்தில் தலைப்பை இழுத்துச் சுற்றிவிட்டாள். "வெள்ளனே வந்து சேரச் சொல்லி."

நாளைக் காலை வீட்டுக்கு வந்துவிடப் போகிறவனுக்குக் கடிதமா என்று தமயந்தி கேட்கவில்லை. லீலா தபால்காரரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பையின் வாயைச் சுருக்கிக் கயிற்றால் கட்டினார். அரக்கை உருக்கி முடிச்சின் மேல் விட்டு முத்திரையை அழுத்தினார். வண்டி ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது. பையை உள்ளே எறிந்து பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டியதும், அது பனிக்குள் இறங்கிப் போனது.